ஆளுக்கு இரண்டு கிலோ

எண்பதுகளின் நடுவில் மூன்றரை ஆண்டுக் காலம் ஒரு சிறிய விமானக் கம்பெனியின் கொடைக்கானல் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கொடைக்கானலில் விமான நிலையம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. விமானம் மதுரையிலிருந்து பறந்தது. மலையில் சீட்டு எழுதி, ஆளையும் பெட்டியையும் எடை போட்டு, விடியற்காலை வேனில் ஏற்றி அனுப்புவது என் வேலை. கடைத்தெருவில் ஒற்றை அறை, ஒரு மேஜை, ஒரு டெலிபோன், சுவரில் ஒரு படம். படத்தில் விமானம் நல்ல வெயிலில் நின்றுகொண்டிருந்தது. மூடுபனி பிற்பகல் மூன்று மணிக்கே கடைக்குள் நுழைந்துவிடும் ஊரில், பல நாள் அந்தப் படத்தில் மட்டும்தான் வெயில் இருந்தது.

அதற்கு முன், எழுபதுகளில், ஒரு மிஷன் பள்ளி ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். நாளும் நேரமும் போட்டு எல்லாவற்றையும் எழுதிவைக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது. இதை எழுதும்போது அந்த ஆண்டுகளின் நாட்குறிப்புகள் பக்கத்தில் இருக்கின்றன. எண்களை அவற்றிலிருந்தே எடுக்கிறேன். எழுதிவைத்த ஒரு விஷயம் எனக்குத் தெரிந்த விஷயம் என்றுதான் அப்போதெல்லாம் நினைத்திருந்தேன். அந்த எண்ணம் மாறியது ஒரு பச்சை ஸ்வெட்டரால்.

விமானத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு இருக்கை, இரண்டு காற்றாடி, முதுகின் மேல் நீளமான இறக்கை. பயிற்சிக்காக ஒரே ஒரு முறை அதில் சென்னை வரை போயிருக்கிறேன். பக்கத்துக்கு ஒரு இருக்கை, நடுவில் ஒரு ஆள் குனிந்து நடக்கும் வழி. பைலட்டுக்கும் எங்களுக்கும் இடையில் கதவு இல்லை, ஒரு திரைதான். அதையும் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். புறப்படும் முன் பைலட் திரும்பி, பஸ் கண்டக்டர் போல விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். கனமானவர்கள் எங்கே உட்காரவேண்டும், இலேசானவர்கள் எங்கே உட்காரவேண்டும் என்று அவர் சொன்னபடி இரண்டு பேர் இடம் மாறினார்கள். அவர்களில் ஒருவர் நான். முன்னாலா பின்னாலா என்று கேட்காதீர்கள்.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் சென்னையிலிருந்து திருச்சி வழியாக மதுரை வந்து, அதே வழியில் திரும்பும். செவ்வாயும் சனியும் மதுரையிலிருந்து கோயம்புத்தூருக்குப் போகும். அந்த இரண்டு நாளும் அது எங்கள் மலைத்தொடரின் கிழக்குப் பாதியைக் கடந்து, தாண்டிக்குடிக்கு மேலாகப் பறக்கும். வானம் தெளிவாக இருந்தால் கடைவாசலில் நின்று பார்க்கலாம். தூரத்தில் ஒரு புள்ளி. சத்தம் அதற்குப் பின்னால் தனியாக வரும்.

இவ்வளவு சிறிய விமானத்துக்கு எடைதான் எல்லாம். வெயில் ஏற ஏறக் காற்று மெலியும், விமானம் தூக்கும் எடை குறையும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். மதுரை வெயிலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஆகவே பயணத்துக்கு முந்தின நாள் மாலை, பயணிகள் பெட்டி படுக்கையோடு என் அலுவலகத்துக்கு வரவேண்டும். ஆளும் சாமானும் சேர்த்து எடை போட்டு, ஆறு மணிக்கு டிரங்க் கால் போட்டு மொத்தத்தை மதுரைக்குச் சொல்லவேண்டும். மறுநாள் அங்கே மறுபடியும் எல்லாம் தராசில் ஏறும். எல்லையைத் தாண்டினால் கடைசியாகச் சீட்டு எழுதியவர் இறங்கிக்கொள்ளவேண்டும். அதுதான் விதி.

கம்பெனி எனக்கு ஒரு தராசு அனுப்புவதாகச் சொன்னது. கடைசிவரை வரவில்லை. பக்கத்தில் உருளைக்கிழங்கு, பூண்டு மண்டி ஒன்று இருந்தது. மூட்டை போடும் பிளாட்பாரத் தராசு அவர்களிடம் இருந்தது. ஆண்டுதோறும் முத்திரை வைத்தது. மண்டிக்காரர் மேல்மலை விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர், வாய்த்துடுக்கு அதிகம். பயணிகளோடு நான் போய் நின்றால் மூட்டை தூக்குபவரிடம் குரல் கொடுப்பார்.

"ஏலே, அந்தச் சாக்க எறக்கு. மேடத்து ஏரோப்ளேன் வந்துருக்கு."

பட்டணத்துப் பெண்கள் மண் ஒட்டிய அந்தப் பலகையில் ஏறத் தயங்கினால், "பயப்படாம ஏறுங்க தாயி, பூண்டு மாதிரி உரிச்சாப் பாக்கப் போறோம்?" என்பார். அவரைத் திட்டிவிட்டு, நான் மட்டும் குனிந்து முள்ளைப் பார்த்து, எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்துக்கொள்வேன். யாருடைய எடையையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கணவன் கேட்டாலும் மனைவியின் எடையைச் சொல்லமாட்டேன். டெலிபோனில் மொத்தம் மட்டும்தான்.

அந்த மொத்தத்தில் நானே ஏற்படுத்திய ஒரு கழிவு இருந்தது: ஆளுக்கு இரண்டு கிலோ, கம்பளிக்காக.

எடை போடுவது மாலைக் குளிரில். ஸ்வெட்டர், கோட்டு, சால்வை, குரங்குக் குல்லா எல்லாவற்றோடும்தான் ஏறி நிற்பார்கள். ஆனால் கம்பளியோடு யாரும் மதுரைக்குப் போவதில்லை. மலையடிவாரத்து வத்தலக்குண்டில் கழற்றிவிடுவோம். என் தங்கை வத்தலக்குண்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கீழே போகும்போதெல்லாம் அவள் வீட்டில் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்பும்போது மாட்டிக்கொண்டு ஏறுவேன். அவள் வீட்டுக் கொடியில் எங்கள் தெருவே தொங்கிக்கொண்டிருக்கும். உறவு இல்லாதவர்களுக்கு பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. பெயரைச் சொல்லிக் கொடுத்தால் வாங்கி வைப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். எனவே விமானத்தில் ஏறாத எடையை விமானத்தின் கணக்கில் சேர்ப்பது தவறு என்று முடிவு செய்து கழித்தேன். துல்லியமாக இருப்பதாக நினைத்துத்தான் செய்தேன்.

ஆனால் மதுரைத் தராசு தினமும் கூடுதலாகக் காட்டியது. பத்து கிலோ, பதினைந்து கிலோ, ஒரு நாள் இருபத்திரண்டு. ஐந்து மாதத்தில் நான்கு பேர் இறங்கவேண்டி வந்தது. மதுரையில் எடை போடுபவர் என்னைவிட இளையவர், போனில் அக்கா என்பார்.

"என்னக்கா, ஒங்க ஊருத் தராசு குளிர்ல வெறச்சுப் போச்சா?"

"எங்க தராசு முத்திரை வச்ச தராசு. ஒங்களுத முதல்ல பாருங்க."

"பாத்தாச்சுக்கா. இங்க எல்லாம் சூடாத்தான் இருக்கு."

என் சந்தேகம் வேன் டிரைவர் மேல் இருந்தது. அவர் பெருமாள்மலையில் டீக்கு நிறுத்துவார். அங்கே பழக்கடைகள். பிளம்ஸ், பேரிக்காய், ஆரஞ்சு, தேன் பாட்டில், மலைப்பூண்டு என்று ஆளுக்கு ஒரு பை வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். நான் மாலையில் போட்ட எடை காலையில் பெருமாள்மலையைத் தாண்டுவதற்குள் பொய்யாகிவிடுகிறது என்று தீர்மானித்தேன். டிரைவரிடம் கேட்டால், "ரெண்டு பேரிக்காய்க்கு ஏரோப்ளேன் படுத்துருமா மேடம்?" என்று சிரிப்பார். ஒரு நாள் நானே கூடப் போய்ப் பார்த்துவிடவேண்டும் என்று நாட்குறிப்பில் மூன்று முறை எழுதியிருக்கிறேன். போகவில்லை.

போனது ஒரு புதன்கிழமை.

முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு வழக்கம்போல எட்டுப் பேரின் மொத்தத்தைச் சொல்லி முடித்திருந்தேன். ஆறு நாற்பதுக்குத் தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு ஜீப் வந்து நின்றது. காப்பித் தோட்டத்துக் கிளார்க் இறங்கினார். பின்னால் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மெலிந்த உடம்பு. சேலைக்கு மேல் பச்சை நிறத்தில் ஒரு ஸ்வெட்டர். தோள்பட்டை தொங்கியது, கை விரல்நுனியைத் தாண்டியது.

கிளார்க் ஒரு தந்தியை மேஜையில் வைத்தார். மாலை நாலரை மணிக்குத்தான் தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததாம். விஷயம் இதுதான். அந்தப் பெண் எழுபதுகளின் தொடக்கத்தில், இரு நாட்டு ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கணவரோடு கப்பலேறி வந்தவர். அவருடைய ஒரே தம்பிக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததால் அவன் அங்கேயே தங்கிவிட்டான். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. பதினான்கு ஆண்டாகப் பார்க்கவில்லை. இப்போது அங்கே மலைநாட்டில் ஒரு முதலாளியிடம் வேலை பார்க்கிறான். அந்த முதலாளியோடு நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்குச் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கி, மாலை ஆறு மணிக்குப் பம்பாய் விமானம் ஏறுகிறான். பம்பாயிலிருந்து நேராகக் கொழும்பு. ஆறு மணி நேரம் சென்னை விமான நிலையத்தில் இருப்பான்.

இரவு ரயிலுக்கு நேரமில்லை. மலையிறங்குவதற்குள் ரயில் கோடை ரோடு ஸ்டேஷனைத் தாண்டியிருக்கும். எங்கள் விமானம் ஒன்றுதான் அவரைப் பகல் ஒரு மணிக்கு அதே நிலையத்தில் கொண்டுபோய் இறக்கமுடியும். தோட்டத்துக்காரர் டிக்கெட் எழுதச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"போக ஏலுங்களா அம்மா?" என்று அந்தப் பெண் கேட்டார். முடியுமா என்பதை அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

மண்டியைத் திறக்கச் சொல்லி எடை போட்டேன். மண்டிக்காரர் அன்று தானே சாக்கை இறக்கி வைத்தார். பிறகு மதுரைக்கு அவசரக் கால் போட்டேன்.

"எடம் இருக்குக்கா. ஆனா எடை இல்ல," என்றார் இளையவர். "இவங்களையும் சேத்தா மிச்சம் நாலே கிலோ. அதுக்கு மேல ஒரு கிலோ கூடுனாலும் கடைசி ஆளு கீழதான். ஒங்க தராசு பத்தி எனக்கு நம்பிக்கையே இல்ல, இப்பவே சொல்லிட்டேன்."

"எங்க தராசு ஒழுங்காத்தான் இருக்கு."

"வேணும்னா தராசுக்கு ஒரு கம்பளியப் போத்தி விடுங்க. குளிர்ல கொறச்சுக் காட்டுது."

கடைசி ஆள் இவர்தான். வழக்கமாகக் கூடும் பத்து பதினைந்து கிலோ நாளையும் கூடினால் அவர் மதுரையிலேயே நிற்பார். தம்பி சென்னையில் ஆறு மணி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவரிடம் இதை மறைக்கவில்லை, சொல்லிவிட்டேன். அவர் தந்தியை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "நான் எடை கம்மிதானுங்களே?" என்றார்.

ஜீப் திரும்பிப் போய்விட்டதால் என் வீட்டுக்கே அழைத்துப் போனேன். நான் அடுப்பு மூட்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து அறையில் வைத்துவிட்டு வந்து, உள்ளங்கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நடுங்கிக்கொண்டிருந்தார்.

"போட்டுக்கங்கக்கா, குளிருதுல்ல."

"புகை புடிச்சுருமுங்க," என்றார்.

சாப்பிடும்போது, "செவ்வாக்கெழமையும் சனிக்கெழமையும் எங்க தோட்டத்து மேலதான் அந்தப் ப்ளேன் போகும். காப்பி பறிக்கிறப்ப நிமிந்து பாப்போம். கங்காணி சத்தம் போடுவாரு. அதுல நான் ஏறுவேன்னு நெனக்கலீங்க," என்றார். ஏறுவது இன்னும் உறுதியில்லை என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

காலை ஐந்தேகாலுக்கு வேன் புறப்பட்டது. நானும் ஏறினேன். டிரைவருக்கு ஆச்சரியம்.

"மேடமும் மெட்ராஸா?"

"பெருமாள்மலையில நிறுத்தக்கூடாதுண்ணே. அதுக்குத்தான் வந்துருக்கேன்."

"டீ குடிக்காம காட் ரோட்ல எறங்குனா எனக்குக் கண்ணு சொருகும் மேடம்."

"பிளாஸ்க்ல கொண்டாந்துருக்கேன். ஓட்டுங்க."

பெருமாள்மலையில் நிறுத்தவில்லை. பயணிகள் முணுமுணுத்தார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி பிளம்ஸ் கடைகளைக் கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், கனமான ஓவர்கோட்டு அணிந்தவர், "இது வேனா, சப்ஜெயிலா?" என்று கேட்டார். ஆனால் கீழே செக்போஸ்ட்டில் வண்டி நின்றே ஆகவேண்டும். டிரைவர் இறங்கிக் கையெழுத்துப் போடுவதற்குள் ஒரு கூடைக்காரி ஜன்னலுக்கு வந்து, நான் எழுந்து பின்னால் போவதற்குள் அதிகாரியின் மடியில் ஒரு பை பேரிக்காயை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"மூணரைக் கிலோ வரும் சார்," என்றேன்.

"என் பேரனுக்கு," என்றார், அதற்கு மேல் பேச்சு இல்லை என்பது போல.

வத்தலக்குண்டில் ஏழரை மணிக்குக் காப்பிக்கு நிறுத்தினோம். அங்கே மலைக்காற்று முடிந்து கீழ்நாட்டு வெக்கை தொடங்கும். பயணிகள் ஒவ்வொருவராகக் கம்பளியைக் கழற்றினார்கள். நான் வேன் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாண ஜோடி ஸ்வெட்டர்களை உருட்டிப் பையில் திணித்தது. அதிகாரி ஓவர்கோட்டை மடித்துப் பெட்டிக்கு மேல் பட்டையில் சொருகினார். ஒரு அம்மாள் சால்வையையும் இரண்டு மப்ளரையும் கூடைக்குள் வைத்து மூடினார்.

டீக்கடை எதிரே இருந்தது. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஏன் திரும்பவேண்டும்? அவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். வத்தலக்குண்டில் தங்கை இல்லாதவர்கள். கழற்றிய கம்பளி அவர்களோடுதான் விமானத்தில் ஏறும். ஐந்து மாதமாக அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. உடம்பிலிருந்து பைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். நான் அதைக் காகிதத்திலிருந்து கழித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது பேர், ஆளுக்கு இரண்டு கிலோ, பதினெட்டு கிலோ. பழம் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். மீதி என் கைவேலை. நான்கு பேரை இறக்கிவிட்டது மதுரைத் தராசு அல்ல.

வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டிரைவர் காப்பி டம்ளரோடு வந்து, "என்ன மேடம், தலை சுத்துதா?" என்று கேட்டார்.

"அண்ணே, நீங்க எப்படியும் காலி வேனாத்தான மேல போறீங்க?"

"ஆமா. இன்னைக்கு மேல ஏத்த ஆளு இல்ல, வெள்ளிக்கெழமதான்."

எழுந்து பயணிகளிடம் போனேன். தவறு என்னுடையது என்று முதலில் சொன்னேன். எடை கூடிவிட்டது, எல்லோருடைய கம்பளியையும் என்னிடம் கொடுத்தால் மேலே கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்து, அவரவர் முகவரிக்கு அனுப்புகிறேன், சீட்டுப் போட்டுக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். கொடுக்காவிட்டால் யார் இறங்கவேண்டியிருக்கும் என்றும், அவர் எதற்காகப் போகிறார் என்றும் சொன்னேன். அந்தப் பெண் வேனின் கடைசி இருக்கையில் தலையைக் குனிந்துகொண்டார்.

கல்யாணப் பெண்தான் முதலில் கொடுத்தாள். ஓவர்கோட்டுக்காரர், "முப்பது வருஷத்துக் கோட்டு. பூச்சி அரிச்சுதுன்னா ஒங்க கம்பெனி மேல கேஸ் போடுவேன்," என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதினேன்: உருப்படி, நிறம், யாருடையது. ஒவ்வொருவருடையதிலும் எண் எழுதிய துண்டுச் சீட்டைக் குண்டூசியால் குத்தினேன்.

கடைசியாக அந்தப் பெண். ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"இதையும் குடுக்கணுங்களா?"

"எல்லாரும் குடுத்தாத்தான்கா நீங்க போக முடியும்."

அவர் அதை மடியில் வைத்தே மடித்தார். இரண்டு கைகளையும் உள்பக்கம் வைத்து, கழுத்து மேலே தெரியும்படி, கடையில் மடிப்பது போல. கொடுத்தார். நான் எழுதினேன். அந்த வரி இப்போதும் என் முன்னால் இருக்கிறது: "9. ஸ்வெட்டர். பச்சை. ஆண்கள் அளவு. கையால் பின்னியது. புதிது."

இவ்வளவும் எழுதினேன்.

மதுரையில் ஒன்பதேகாலுக்குத் தராசு. இளையவர் முகம் கடுகடுவென்று இருந்தது. ஆட்களும் பெட்டிகளும் ஏறி இறங்கினார்கள். கூட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவைக் காதில் சொருகினார்.

"பரவால்லக்கா, இன்னைக்கு ரொம்பக் கொறவு. ஆனாலும் ரெண்டரைக் கிலோ கூட. விதி ஒங்களுக்கே தெரியும்."

அந்தப் பெண் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். துணிப்பையை இறுகப் பிடித்திருந்தார். நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், கடைசியில் பேரிக்காய்ப் பையைத் தூக்கி டிரைவர் கையில் வைத்தார்.

"தின்னுய்யா. கோட்டும் போச்சு, காயும் போச்சு. இன்னும் கொஞ்சம் விட்டா பல்செட்டையும் கழட்டச் சொல்லும் இந்தம்மா."

மறுபடி கூட்டினார்கள். எல்லைக்கு ஒரு கிலோ உள்ளே.

பத்தரைக்கு விமானம் ஓடுபாதையில் திரும்பியது. வேலியோரம் நின்று பார்த்தேன். ஒரு ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. யாருடையது என்று தெரியவில்லை. நானும் கை காட்டினேன்.

திரும்பி ஏறும்போது வேனின் இருக்கைகளில் ஓவர்கோட்டும் சால்வைகளும் ஸ்வெட்டர்களும் உட்கார்ந்து வந்தன. டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பேரிக்காய் கடித்தார்.

"ஆளில்லாம சட்டை மட்டும் வருது மேடம். பாக்குறவன் என்ன நெனப்பான்?"

"ஒவ்வொண்ணுக்கும் சீட்டு குத்தியிருக்கேன்."

"டிக்கட்டோடதான் வருதுகளா? அப்பச் சரி."

அன்றைய நாட்குறிப்பில், "ஒன்பது பேரும் ஏறினர். ஒரு கிலோ மிச்சம்" என்று எழுதி அடிக்கோடு இட்டிருக்கிறேன். இரண்டு கோடு. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அந்தப் பெண் ரயிலிலும் பஸ்ஸிலுமாகத் திரும்பி, நேராக என் அலுவலகத்துக்கு வந்தார். தம்பியைப் பார்த்தேன் என்றார். ஒரு மணிக்கு இறங்கியபோதே வாசலில் நின்றிருக்கிறான். அவர்தான் அவனை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போயிருக்கிறார். அவன் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறான். முதலாளி நல்ல மனிதர், நாலரை மணி வரை விட்டுவிட்டாராம். அவன் அவருக்கு ஒரு டார்ச் லைட்டும் தேயிலைப் பொட்டலமும் கொடுத்தானாம். துணிப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

மற்ற எட்டுப் பேருடையவையும் அதற்குள் தபாலில் போய்விட்டிருந்தன. ஒன்பதாவதை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மேஜைமேல் வைத்து, என் துண்டுச் சீட்டைக் குண்டூசியோடு எடுத்தார். சீட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளவில்லை. வெளியே மூடுபனி இறங்கியிருந்தது.

அப்போதுதான் கேட்டேன். "அக்கா, இது யாருக்குப் பின்னுனது?"

"அவனுக்குத்தானுங்க. அவன் இருக்கிற எடம் இதவிடக் குளிரு. பையில வச்சா எடையில சேத்துருவாங்கன்னு கிளார்க்கு ஐயா சொன்னாரு. அதான் போட்டுக்கிட்டு வந்தேன்."

"ஏன்கா சொல்லல? வேன்ல ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீங்கதானுங்களே சொன்னீங்க, எல்லாரும் குடுத்தாத்தான் நான் போக ஏலும்னு." குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னார். "அவன்கிட்டயும் சொல்லலீங்க. ஒனக்கு ஒண்ணு பின்னுனேன்னு சொன்னா என் கையத்தானே பாப்பான். கை சும்மா இருந்துச்சு."

நான் ஒரு கிலோ மிச்சம் இருந்ததைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். எதற்காகச் சொல்கிறோம் என்று தோன்றியது. தேநீர் வாங்கிக் கொடுத்தேன். பார்சல் அனுப்பிவிடலாம், முகவரி இருக்கிறதா என்று கேட்டேன். தந்தியை எடுத்துக் கொடுத்தார்; அவர் அதை இன்னும் ரவிக்கைக்குள்தான் வைத்திருந்தார்.

திங்கள் காலை நானே தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்து, வெளிநாட்டுப் பார்சல் தாளை நிரப்பினேன். பொருள்: கம்பளி ஸ்வெட்டர், ஒன்று. எடை என்ற இடத்தைக் காலியாக விட்டேன். தபால் கிளார்க் சிறிய பித்தளைத் தராசில் வைத்து, படிக்கற்களை மாற்றி மாற்றிப் போட்டார்.

"அறுநூத்தி நாப்பது கிராம். துணியோட."

அன்று மாலையே மதுரை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். கழிவு என் ஏற்பாடு, தவறு என்னுடையது, மதுரைத் தராசில் பிழை இல்லை என்று எழுதினேன். இறக்கப்பட்ட நான்கு பேரின் முகவரிகளும் என்னிடம் இருந்தன. அவர்களுக்கும் தனித்தனியாக எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை, போடவேண்டிய கட்டாயமும் இல்லை. மதுரை இளையவர் மட்டும் போனில் வந்தார்.

"அப்ப எங்க தராசு நல்ல தராசுன்னு ஒத்துக்கிறீங்களாக்கா?"

"ஒத்துக்கிறேன்."

"கடுதாசிய ஃப்ரேம் போட்டு மாட்டிக்கிறேன்."

அதன் பிறகு மாலையில் எடை போடும்போது கழிவு இல்லை. வெளியூர்க்காரர்கள் விரும்பினால் கம்பளியை வத்தலக்குண்டில் வேனில் விட்டுவிட்டுப் போகலாம், தபாலில் அனுப்பிவைப்போம் என்று ஏற்பாடு செய்தேன். பலர் விட்டுப் போனார்கள். மலைக்குத் திரும்பி வருபவர்கள் மதுரையில் வேன் ஏறும்போது அவர்களுக்கு முன்னாலேயே அவர்களுடைய ஸ்வெட்டர் இருக்கையில் காத்திருக்கும். கம்பளியை வாங்கிக்கொள்ளும்போது டிரைவர் கேட்பதற்காக ஒரு கேள்வியைச் சொல்லிக் கொடுத்திருந்தேன்: இது உங்களுக்கா, வேறு யாருக்காவதா? அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

கம்பெனி அதற்குப் பிறகு மூன்று ஆண்டுதான் ஓடியது. முதலில் கோயம்புத்தூர் வழி நின்றது, பிறகு வாரம் ஒரு நாள் ஆயிற்று, பிறகு ஒரு கடிதம் வந்தது. சுவர்ப் படத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் அதற்கு முன், பார்சல் அனுப்பிய மூன்றாவது மாதம், தாண்டிக்குடி ஜீப் டிரைவர் ஒருவர் கடைவாசலில் வண்டியை அணைக்காமலே நிறுத்தித் தலையை நீட்டினார்.

"மேடம், தோட்டத்துல இருந்து ஒரு அக்கா ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க. சட்டை போய்ச் சேந்துருச்சாம். கடுதாசி வந்துருக்காம்."

"சரியா இருக்காமா?"

"கை ரெண்டு அங்குலம் நீளமாம். மடிச்சு விட்டுக்கிட்டுப் போடுறாராம்."

அன்றைய பக்கத்தில் அதை அப்படியே எழுதியிருக்கிறேன். அடிக்கோடு இடவில்லை.